பெட்டியில் உறங்கிய பேருண்மை

வகுப்பறை. கட்டுரைப் பயிற்சி நேரம். மாணவர் அனைவரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கின்றனர். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. தாளைப் பார்க்கிறாள், எழுதுகோலைப் பார்க்கிறாள், இரண்டு வரி எழுதுகிறாள், அடிக்கிறாள், தாளையே கிழிக்கிறாள். மணி அடிக்கிறது. அவள் கையில் இருப்பது வெறுந்தாள்!

"ஏனம்மா எழுதவில்லை?" என்று கேட்டோம்.

"தப்பில்லாமல் எழுத வரவில்லை, ஐயா. வந்த பிறகு எழுதுகிறேன்" என்றாள்.

அவளுடைய பழைய கட்டுரை ஏட்டைப் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஒற்றுப்பிழைக்கு ஒரு கோடு, சந்திப்பிழைக்கு ஒரு சுழி, வரி கோணியதற்கு ஒரு வினாக்குறி! "இந்தக் கருத்து நன்று" என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், எங்கும் இல்லை. அந்தச் சிவப்பு மை யாருடையது? நம்முடையதுதான்! பிழையைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டோம் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

அலை ஓய்ந்து கடலாடுவது எக்காலம் என்று நம் முன்னோர் கேட்டனர். பிழை ஓய்ந்து எழுதுவது எக்காலம் என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது. எழுத ஆசை இருக்கும், எண்ணம் இருக்கும், ஏடும் இருக்கும். ஆனால் "இன்னும் செம்மையாகட்டும்" என்ற ஒரு தயக்கம் கையைப் பிடித்துக்கொள்ளும். இது அந்தச் சிறுமியின் நோய் மட்டுமன்று. உலகத்தின் அறிவுப் போக்கையே திருப்பிய ஒரு பேரறிஞரின் வாழ்விலும் இத்தகைய தயக்கம் நெடுங்காலம் குடியிருந்தது. அவரை அதிலிருந்து மீட்டவர்கள் அவருடைய தோழர்கள். அந்த வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கு நலம் பயக்கும்.

1831 டிசம்பர் 27. பீகிள் என்னும் கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதிலே இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் சார்லஸ் டார்வின். மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். பாதிரியார் ஆகட்டும் என்று வீட்டார் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக்கு அனுப்ப, அங்கே வண்டு பிடித்துத் திரிந்தவர். ஐந்தாண்டுகள் கடலிலும் கரையிலும் சுற்றி, புதைபடிவங்களையும் பறவைகளையும் செடிகொடிகளையும் கண்டு, 1836 அக்டோபரில் ஊர் திரும்பினார். திரும்பும்போது அவர் உள்ளத்தில் ஐயம் ஒன்று முளைவிட்டிருந்தது: உயிரினங்கள் என்றென்றும் மாறாமல் இருப்பவைதாமா?

1837ஆம் ஆண்டு அதற்கென்றே குறிப்பேடு தொடங்கினார். 1838ஆம் ஆண்டு செப்டம்பரில் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை பற்றிய நூலைப் படித்தபோது விடை பளிச்சிட்டது. பிறக்கும் உயிர்கள் பல, பிழைப்பவை சில. பிழைக்க உதவும் சிறு மாறுதல் எந்த உயிரிடம் இருக்கிறதோ, அது வாழ்ந்து பெருகும். அந்த மாறுதல் அதன் வழிவழியாகத் தங்கும். நெடுங்காலம் இது நடக்குமானால் புதிய இனமே தோன்றும். இதற்கு "இயற்கைத் தேர்வு" என்று பெயரிட்டார். 1842இல் இந்தக் கருத்தை 35 பக்க அளவில் பென்சிலால் எழுதினார். 1844இல் அதையே ஏறத்தாழ 230 பக்கக் கட்டுரையாக விரித்தார். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அழகாகப் படியும் எடுத்து வைத்தார்.

பிறகு? அச்சுக்கு அனுப்பினாரா? இல்லை! பூட்டி வைத்தார்! தம் மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தாம் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுன் செலவிட்டு இதை வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கும்போது வெளியிட மனம் துணியவில்லை. உயிர் போனபின் வெளியிட ஏற்பாடு! உலகையே உலுக்கப்போகும் உண்மை ஒன்று பெட்டியிலே உறங்கிற்று.

ஏன் இந்தத் தயக்கம்? அதே 1844ஆம் ஆண்டு அக்டோபரில், உயிரினங்கள் மாறி வளர்ந்தவை என்று கூறும் வேறொரு நூல், எழுதியவர் பெயர் இல்லாமல் இலண்டனில் வெளிவந்தது. அதை எழுதியவர் எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பதிப்பாளர் என்பது, அவர் இறந்த பின்னர் 1884இல்தான் வெளிப்படையாயிற்று. அந்த நூலைப் படித்தவர் பலர்; பழித்தவரும் பலர். டார்வினுக்கு நிலநூல் கற்பித்த செட்ஜ்விக் என்ற பேராசிரியரே அதை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். மதவாதிகளின் சீற்றம் ஒருபுறம். அறிஞர்களின் ஏளனம் மறுபுறம். எந்த மூலையிலும் ஓட்டை இல்லாதபடி சான்றுகளைக் குவித்த பிறகே வாய் திறக்கவேண்டும் என்று டார்வின் எண்ணியதில் வியப்பில்லை.

தாமதத்துக்கு அச்சம் காரணமா, எடுத்த வேறு பணிகளின் சுமை காரணமா என்பது பற்றி வரலாற்றாசிரியர் இடையே இன்று கருத்து வேற்றுமை உண்டு. எது காரணமாயினும், சான்று இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று அவர் குவித்துக்கொண்டே போனார் என்பதில் ஐயமில்லை.

1846இல் கொட்டலசு என்னும் சிற்றுயிரை ஆராயத் தொடங்கினார். கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். சில மாதங்களில் முடியும் என்று தொடங்கிய வேலை எட்டாண்டுகளை விழுங்கிற்று. நான்கு நூல்களாக முடிந்தது. உயர்ந்த ஆராய்ச்சிதான், 1853இல் அரசக் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கிப் பாராட்டிற்று. ஆயினும் அத்தனை ஆண்டுகளும் அந்த 230 பக்கம் பெட்டியிலேயே கிடந்தது!

இத்தகைய மனிதர் எப்படி எழுதத் தொடங்கினார்? இங்கேதான் தோழமை வருகிறது.

ஜோசப் ஹூக்கர் என்பவர் செடியின ஆராய்ச்சியாளர். டார்வினைவிட எட்டாண்டு இளையவர். 1844 ஜனவரியில் டார்வின் அவருக்குத் தம் மனத்தைத் திறந்து எழுதினார். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று கருதுவதாகவும், அதைச் சொல்வது கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருப்பதாகவும் அந்தக் கடிதத்தில் குறித்தார். ஹூக்கர் பதறினாரா? பழித்தாரா? இரண்டும் இல்லை. மாறுதல் நடந்திருக்கலாம், எப்படி நடந்தது என்று தாங்கள் கருதுவதை அறிய மகிழ்வேன் என்ற பொருள்பட விடை எழுதினார். அவ்வளவுதான். அந்த ஒரு விடை தந்த துணிவுக்கு அளவில்லை. நாற்பதாண்டுக் காலம் அவர்களிடையே கடிதங்கள் போயின, வந்தன. டார்வின் கருத்தை அனுப்புவார், ஹூக்கர் குறை சொல்வார், டார்வின் திருத்துவார்.

நிலநூல் அறிஞர் சார்லஸ் லயெல் இன்னொருவர். 1856இல் டார்வினின் வீட்டுக்கு வந்து, கொள்கையை அவர் வாயாலேயே கேட்டார். கேட்டவுடன் ஏற்றுக்கொண்டாரா? இல்லை, பல ஆண்டுகள் அவர் மனம் ஒப்பவில்லை. ஆனாலும், "எழுதி வெளியிடுங்கள், பிறர் முந்திக்கொள்ளப் போகிறார்கள்" என்று வற்புறுத்தினார்! தோழமை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? கருத்தை ஒப்புக்கொள்பவன் மட்டுமே தோழன் என்பதில்லை. ஒப்பாதபோதும், "உன் குரல் வெளியே வரட்டும்" என்று சொல்பவனும் தோழனே.

இவர்கள் மட்டுமா? கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்த ஆசா கிரே என்ற செடியின அறிஞருக்கு 1857 செப்டம்பரில் தம் கொள்கையைச் சுருக்கி எழுதினார். இலண்டனில் புறா வளர்ப்போர் கழகங்களில் சேர்ந்தார். பட்டம் பெறாத, பல்கலைக் கழகத்தின் படி ஏறாத எளிய மனிதர்கள் அங்கே புறாவின் அலகையும் இறகையும் பற்றி அவருக்குப் பாடம் சொன்னார்கள்; பணிவோடு கேட்டுக்கொண்டார். பெரிய நூல் ஒருவர் பெயரில் வெளிவருகிறது. பல பேருடைய துணையால் உருவாகிறது.

லயெலின் தூண்டுதலால் 1856 மே மாதம் டார்வின் எழுத உட்கார்ந்தார். ஆனால் பழைய வேட்கை விடவில்லை. மாபெரும் நூல், எல்லாச் சான்றும் அடங்கிய நூல், எவரும் குறைகாண முடியாத நூல்! இரண்டாண்டில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் எழுதியும் முடிவு கண்ணுக்கெட்டவில்லை.

அப்போதுதான் தொலைதூரத்திலிருந்து ஓர் உறை வந்தது. அனுப்பியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். இவர் கதையையும் கேளுங்கள். வறுமையால் ஏறத்தாழ பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். நிலம் அளக்கும் தொழில் செய்தவர். தொழிலாளர் கல்விக் கழகங்களிலும் ஊர் நூலகங்களிலும் தாமே படித்து அறிவு வளர்த்தவர். வண்டும் வண்ணத்துப்பூச்சியும் பறவையும் பிடித்து விற்றுத் தம் ஆராய்ச்சிக்குப் பணம் தேடியவர். அமேசான் காட்டில் நான்காண்டு உழைத்துச் சேர்த்தவற்றுடன் 1852இல் திரும்பியபோது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி எரிந்து, செல்வமெல்லாம் சாம்பலாயிற்று. சோர்ந்தாரா? 1854இல் மலாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டார்!

அங்கே 1858 பிப்ரவரியில் காய்ச்சலில் கிடந்தபோது, டார்வின் கண்ட அதே கருத்து அவருக்கும் தோன்றிற்று. நூலகம் இல்லை, குவித்த சான்று இல்லை, உடலில் வலுவும் இல்லை. காய்ச்சல் தணிந்ததும் இரண்டு மாலைப்பொழுதில் கட்டுரையை எழுதி முடித்தார். அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டார், அதுவும் டார்வினுக்கே! அந்தக் கட்டுரை 1858 ஜூன் 18 அன்று டார்வின் கையில் இருந்தது. இருபதாண்டுகள் தாம் பூட்டி வைத்திருந்த எண்ணம் வேறொருவர் கையெழுத்தில் கண்முன் கிடந்தது!

இன்னொன்றையும் நாம் கவனிக்கவேண்டும். வாலஸை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது எது? அறிஞர்கள் ஏளனம் செய்தார்களே, பெயரில்லாத அந்த நூல், அதுதான்! 1845இல் அதைப் படித்த வாலஸ் அதிலே பிழைகளை மட்டும் காணவில்லை. ஆராயவேண்டிய ஒரு கேள்வியைக் கண்டார். அதன் குறைகளைச் சுட்டிய டார்வினே, அது பலருடைய மனத்தைப் பண்படுத்தித் தம் கொள்கைக்கு வழிசெய்தது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். பிழை மலிந்த நூல் உலகத்திலே நடமாடிற்று. பிழையற்ற நூலோ பெட்டியிலே உறங்கிற்று. எது மக்களுக்குப் பணி செய்தது? சிந்தித்துப் பாருங்கள்.

அந்த நாளில் டார்வினின் வீட்டில் துயரம் சூழ்ந்திருந்தது. அவருடைய கைக்குழந்தை செங்காய்ச்சலால் ஜூன் 28 அன்று இறந்தது. முந்தியவர் யார் என்ற வழக்கைப் பேசும் நிலையில் அவர் இல்லை. லயெலும் ஹூக்கரும் பொறுப்பை ஏற்றனர். 1858 ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில், டார்வினின் 1844 கட்டுரையிலிருந்து ஒரு பகுதி, ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தின் பகுதி, வாலஸின் கட்டுரை ஆகிய மூன்றும் படிக்கப்பட்டன. எழுதிய இருவரும் அவையில் இல்லை. தொலைவில் இருந்த வாலஸின் ஒப்புதலைக் கேட்காமலே இது நடந்தது என்ற குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் செய்தி அறிந்த வாலஸ் மனம் கசக்கவில்லை. பின்னாளில் 1889இல் தாம் எழுதிய நூலுக்கு "டார்வினியம்" என்றே பெயரிட்டார். வாலஸ் வறுமையில் வாடியபோது 1881இல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைக்கப் பாடுபட்டவர் டார்வின். போட்டியாளராக வேண்டியவர்கள் தோழர்களாக வாழ்ந்தனர்.

இனித் தயங்க நேரமில்லை. அதே ஜூலையில், வைட் என்னும் தீவில் தங்கியிருந்தபோது, பெருநூலை ஒதுக்கிவிட்டு "சுருக்கம்" ஒன்றை எழுதத் தொடங்கினார் டார்வின். கையெழுத்துப் படியை ஹூக்கருக்கு அனுப்பினார். அதில் ஒரு பகுதி தவறுதலாகக் குழந்தைகள் படம் வரையும் தாள்களோடு சேர்ந்துவிட, ஹூக்கர் வீட்டுக் குழந்தைகள் அதன்மேல் படம் தீட்டிவிட்டார்கள்! பதிப்பாளர் ஜான் மர்ரி கருத்துக் கேட்ட பத்திரிகை ஆசிரியர் ஒருவரோ, இது வேண்டாம், புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள் என்று அறிவுரை வழங்கினார்! இத்தனைக்கும் இடையே, 1859 நவம்பர் 24 அன்று "உயிரினங்களின் தோற்றம்" வெளிவந்தது. முதற்பதிப்பு 1,250 படிகள். இருபதாண்டுகள் வராத நூல், தொடங்கிய ஒன்றரை ஆண்டுக்குள் வந்துவிட்டது!

அது செம்மையான நூலா? டார்வினே அப்படி எண்ணவில்லை. சுருக்கம் என்பதால் குறைபாடு உடையது என்று முன்னுரையிலேயே கூறினார். பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு எப்படி வருகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அதற்கு வழிகாட்டிய மெண்டலின் ஆராய்ச்சி 1866இல் அச்சாயிற்று. ஆனால் 1900ஆம் ஆண்டுவரை உலகம் அதன் அருமையை உணரவில்லை. டார்வின் இறந்தது 1882இல். எல்லா விடையும் கிடைத்த பிறகே எழுதுவேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால், எழுதாமலே கண்மூடியிருப்பார்!

முதற்பதிப்பில் ஒரு மலைச்சரிவு தேய்ந்த காலத்தைக் கணக்கிட்டு எழுதினார், குறை கூறினார்கள், 1861இல் வந்த மூன்றாம் பதிப்பில் அக்கணக்கையே நீக்கினார். எதிர்ப்புகள் வலுத்தபோது அவற்றுக்கு விடையாக, 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் புதிய இயலே சேர்த்தார். முதற்பதிப்பில் இருந்த 3,878 வாக்கியங்களில் ஏறத்தாழ 3,000 வாக்கியங்கள் பின்வந்த பதிப்புகளில் திருத்தப்பட்டன என்று பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர் கணக்கிட்டிருக்கிறார். நாலில் மூன்று பங்கு! உலகம் போற்றும் நூலின் முதல் வடிவம் அத்தனை திருத்தத்துக்கு இடம் தந்தது. வெட்கமா அது? இல்லை; அதுதான் வளர்ச்சி. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: திருத்துவதற்கு முதலில் எழுதிய வரி ஒன்று வேண்டும். எழுதாத வரியை எவரும் திருத்த முடியாது.

அவர் கனவு கண்ட அந்தப் பெருநூல் என்னாயிற்று? அந்த வடிவில் அது முடியவே இல்லை. அவர் இறந்து தொண்ணூறாண்டு கழிந்த பின்னர், 1975இல், எஞ்சிய கையெழுத்துப் படியை அறிஞர் அச்சிட்டனர். குறைபாடுடைய சுருக்கம் உலகை மாற்றிற்று. குறையற்றதாக வேண்டிய பெருநூல் ஆராய்ச்சியாளரின் அலமாரியில் இருக்கிறது.

டார்வின் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுத்துமுறை பற்றி ஒன்று கூறியிருக்கிறார். முன்பெல்லாம் ஒவ்வொரு வாக்கியத்தையும் எண்ணி எண்ணி எழுதினாராம். பின்னாளில் பக்கம் பக்கமாக வேகமாகக் கிறுக்கிவிட்டு, சொற்களைப் பாதிபாதியாகக் குறுக்கியும் எழுதிவிட்டு, பிறகு பொறுமையாகத் திருத்துவதே நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று கண்டாராம். அப்படிக் கிறுக்கிய வரிகள் பல வேளைகளில் எண்ணி எழுதியவற்றைவிட நன்றாக அமைந்தன என்பதும் அவர் வாக்குமூலம்.

பிழையே தெரியாமல் எழுதுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சோம்பலுக்குச் சான்றிதழ் வழங்கவும் இல்லை. இலக்கணம் வேண்டும், திருத்தம் வேண்டும், சான்று வேண்டும். ஆனால் அவற்றுக்கு உரிய இடம் எழுத்தின் வாயில் அன்று, அடுத்த அறை. வாயிலில் காவலாளியைப்போல் செம்மையை நிறுத்தினால், உள்ளே நுழைபவர் யார்? தலைமுறை தலைமுறையாக நூலோடு வாழ்ந்த வீட்டுப் பிள்ளை ஒருவேளை நுழைவான். முதல் தலைமுறையாக ஏட்டைத் தொடும் உழவர் வீட்டுப் பெண்ணும் நெசவாளர் வீட்டுப் பையனும் வெளியே நின்றுவிடுவார்கள். வாலஸ் வெளியே நின்றிருந்தால் டார்வினின் பெட்டி எப்போது திறந்திருக்கும்?

ஆகவே நாமும் நம் பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். கிழமைதோறும் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, விரும்பும் மாணவர் வட்டமாக உட்காருகின்றனர். எழுதியதைப் படிக்கின்றனர். கேட்பவர் முதலில் பிடித்த ஒன்றைச் சொல்லவேண்டும், பிறகு ஐயம் ஒன்றைக் கேட்கவேண்டும், பிழைதிருத்தம் கடைசியில். ஆசிரியரும் எழுதிப் படிக்கவேண்டும் என்பது மாணவர் போட்ட விதி! நம் கட்டுரையில் இரண்டு ஒற்றுப்பிழைகளை அவர்கள் கண்டுபிடித்தபோது எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது.

கடைசி வரிசைப் பெண் முதல் மூன்று கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. நான்காம் கூட்டத்தில் ஒரு பக்கம் படித்தாள். தறியில் உட்காரும் தன் தந்தையின் கைகளைப் பற்றி எழுதியிருந்தாள். பிழைகள் இருந்தன, எண்ணிப் பார்க்கவில்லை. படித்து முடித்ததும், "இதில் தப்பு நிறைய இருக்கும், ஐயா" என்றாள்.

"இருக்கட்டும், அம்மா. எழுதியிருக்கிறாய் அல்லவா? இனித் திருத்தலாம்" என்றோம்.

சிவப்பு மைக்கோல் மேசை அறையிலேயே இருந்தது. அன்று அதை நாம் எடுக்கவில்லை.